இரண்டேகால் கிலோ

கிருமாம்பாக்கம்
26-2-1986

தம்பி ஆதிமூலத்துக்கு அக்கா செங்கமலம் எழுதுவது.

நீ சுகமாக இருப்பாய். இங்கே சுகம் விசாரிக்க ஒன்றும் இல்லை. நேற்று உன் மாமாவுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. நீ வரவில்லை, தந்திதான் வந்தது. அதுவும் இங்கிலீஷில். தபால்காரர் படித்துப் பார்த்துவிட்டு, "வருத்தமாம்மா, வேலையாம்" என்றார். அவ்வளவுதான் அதில் இருந்ததா, அவர் சுருக்கிச் சொன்னாரா தெரியாது.

தாலி வாங்கியபோது பிறந்த வீட்டுக் கோடி போட ஆள் இல்லை. பந்தலில் எல்லாரும் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடலூர் பஸ் ஒவ்வொன்றாக வந்து போனது. கடைசியில் பெரியப்பா மகன் அய்யனார் ஓடிப்போய் ஒரு புடவை வாங்கி வந்து போட்டான். அவனே போன வருஷம்வரைக்கும் நம்மிடம் பேசாதவன்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்து கோணலாகத்தான் இருக்கும். வேறு யாரையாவது எழுதச் சொன்னால் அவர்கள் வார்த்தை வந்துவிடும் என்று நானே எழுதுகிறேன்.

அவர் எப்படிச் செத்தார் என்று உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் சொல்கிறேன்.

போன வருஷம் நீ வந்து அவருக்கு அந்த வேலையைச் சொல்லிக் கொடுத்தாய். நிலத்தில் ஒரு இடத்தைக் குறித்து, நாலு முளை அடித்து, கயிறு கட்டி, பக்கத்துக்கு ஐந்து மீட்டர். அதற்குள் இருக்கிற நெல்லை மட்டும் அறுத்து, அடித்து, காயவைத்து, தூற்றி, எடை போட்டு உனக்குக் கார்டில் எழுத வேண்டும். வானத்திலிருந்து எடுத்த படம் சொல்வதும் தரையில் இருப்பதும் ஒன்றா என்று பார்க்க என்று சொன்னாய். அதற்கு அவர் எவ்வளவு பெருமைப்பட்டார் தெரியுமா? ஐந்தாம் வகுப்புப் படித்த மனிதன். "என் எடைய வச்சுதான் ஐதராபாத்துல கணக்கு போடறாங்க" என்று ஹாஜா மைதீன் கடையில் சொல்லிக்கொண்டே இருப்பார்.

தை மாதம் முதல் இடத்தை அறுத்தார். ஹாஜா மைதீன் கடைத் தராசில் இரண்டேகால் கிலோ. நல்ல வருஷத்தில் அந்த அளவு இடத்தில் பத்து கிலோ வரும். கார்த்திகை வெள்ளத்தில் பத்து நாள் முழுகிக் கிடந்த பயிர். தண்ணீர் வடிந்ததும் எல்லாரும் உரத்தைக் கொட்டினார்கள். கருகருவென்று வந்தது. கதிரில் பால் பிடிக்கிற நேரத்தில் நாவாப்பூச்சி வந்து உறிஞ்சிவிட்டது. தாள் பச்சை, கதிர் பதர். தலை சாயாமல் விறைப்பாக நின்றது. உள்ளே மணி இருந்தால்தானே சாயும்? இதையெல்லாம் அவர் கார்டில் எழுதினார். இடம் போதாமல் ஓரத்திலும் எழுதினார். நான் பார்த்தேன்.

அதற்கு நீ பதில் போட்டாய். படத்தில் நம் ஊர்ப் பக்கம் நன்றாக இருக்கிறது, உங்கள் எடை பொருந்தவில்லை, ஏரித் தண்ணீர் கடைசியாகப் பாய்கிற கடைமடையில் இன்னும் நன்றாகத் தெரிகிறது, அங்கே ஒன்று அறுத்து அனுப்புங்கள் என்று. அவர் இரண்டு தரம் படித்தார். மூன்றாம் தரம் என்னைப் படிக்கச் சொன்னார்.

"இவன் என்னைப் பொய்யன்றான், செங்கமலம்."

"இல்லய்யா, இன்னொரு தபா அறுக்கத்தான சொல்றான்."

"அதான் அது" என்றார்.

கடைமடையில் இடுப்பளவு கோரை. உன் படத்துக்கு அதுவும் பச்சைதானே? மூன்று முளை அடித்தாயிற்று. கயிற்றின் ஒரு நுனி என் கையில் இருந்தது. நாலாவது முளைக்கு அவர் குனிந்தார். கயிறு தொய்ந்தது. முளை இறங்கவில்லை போல என்று நான் இழுத்துப் பிடித்தேன். அப்புறம்தான் அவர், "செங்கமலம், விரியன்" என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

கடலூர் பஸ்ஸில் ஏற்றினோம். பெண்ணையாற்றுப் பாலம் வருவதற்குள் முடிந்துவிட்டது.

நீ ஒன்று மட்டும் எழுது. இரண்டேகால் என்று அவர் எழுதியதை நீ ஏன் நம்பவில்லை?

செங்கமலம்

❖

ஐதராபாத்
8-3-1986

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். மாமாவின் மறைவு எனக்கும் பேரிழப்பு. எனக்குத் தகப்பன் இடத்தில் இருந்தவர் அவர். தந்தி எனக்குக் கிடைத்தபோது இரண்டு நாள் கடந்திருந்தது. மாவட்ட வாரியான விளைச்சல் முன்கணிப்பு அறிக்கையை அந்த வாரம்தான் அனுப்ப வேண்டியிருந்தது. எங்கள் பிரிவில் அதைச் செய்யத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். மற்றவர் விடுப்பில் இருந்தார். இதை நீ ஒரு காரணமாக எடுத்துக்கொள்ள மாட்டாய் என்று தெரியும்.

நீ கேட்டதற்குப் பதில். அந்தப் படத்தை எடுக்கும் செயற்கைக்கோள் பதினாறு நாளுக்கு ஒருமுறை நம் ஊருக்கு மேலே கடக்கிறது. உயிருள்ள இலை சூரிய ஒளியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பகுதியை அதிகமாகத் திருப்பி அனுப்பும். அதைக் கருவி அளக்கிறது. படத்தில் அது சிவப்பாகத் தெரியும்படி செய்வோம். எவ்வளவு சிவப்போ அவ்வளவு பயிர். முந்தைய ஆண்டுகளின் படத்தையும் விளைச்சலையும் ஒப்பிட்டு, இந்த ஆண்டு எவ்வளவு வரும் என்று அறுவடைக்கு முன்பே சொல்கிறோம். ஜனவரி முதல் வாரப் படத்தில் நம் பாகூர்ப் பக்கம் நல்ல சிவப்பு. அதன்படி அந்த இடத்தில் ஒன்பதரை கிலோ வந்திருக்க வேண்டும். மாமா எழுதியதோ இரண்டேகால். இப்படி விலகி நிற்கும் எடையை மறுபடி சரிபார்க்கச் சொல்வது எங்கள் நடைமுறை. எல்லா ஊருக்கும் அதேதான். அது மாமா மீது சந்தேகம் அல்ல.

விதி இப்படி இருந்தால் நாம் என்ன செய்ய முடியும்? மனதைத் தேற்றிக்கொள்.

உன் அன்புத் தம்பி
ஆதிமூலம்

பின்குறிப்பு: இதைக் கேட்க எனக்கே கூசுகிறது. கடைமடையில் குறித்த அந்த இரண்டாவது இடத்தை யாராவது அறுத்தார்களா? எடை தெரிந்தால் எழுதவும். அது முக்கியம்.

❖

கிருமாம்பாக்கம்
17-3-1986

ஆதிமூலத்துக்கு.

உன் கடிதத்தில் மேலே எழுதியதெல்லாம் எனக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. கீழே கூசிக்கொண்டு எழுதியது நன்றாகப் புரிந்தது.

அறுத்தேன். நான்தான் அறுத்தேன். நிலத்துக்காரர் அந்தப் பதரை அறுக்கக் கூலி கொடுப்பதா என்று மாட்டுக்கு விட்டுவிடப் பார்த்தார். பாம்புக்குப் பயந்து யாரும் மாட்டைக்கூட அந்தப் பக்கம் ஓட்டவில்லை. மூன்று முளையும் கயிறும் அப்படியே இருந்தன. நாலாவது முளை சேற்றில் படுத்துக் கிடந்தது. அதை எடுத்து நானே அடித்தேன். தாலி அறுத்து ஒரு மாதம்கூட ஆகாதவள் அரிவாளோடு வயலுக்குப் போகிறாளே என்று ரோட்டில் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அடித்தேன், காயவைத்தேன், தூற்றினேன். தூற்றும்போது எல்லாம் காற்றோடு போய்விட்டது. மிஞ்சியது ஒன்றே முக்கால் கிலோ. உன் படம் இன்னும் நன்றாக இருக்கிறது என்று சொன்ன இடம். எழுதிக்கொள்.

பச்சையைச் சிவப்பாகக் காட்டுகிற படத்தை நம்புகிறாய். அங்கேயே நின்று கையில் பிடித்துப் பார்த்த மனிதனை நம்பவில்லை. இது எந்தப் பள்ளிக்கூடத்துப் படிப்பு?

இப்போது இங்கே நடந்ததைக் கேள். பத்து நாளைக்கு முன் ஜீப்பில் விவசாய ஆபீசர் ஒருவர் வந்தார். ஊரே கூடியது. நிவாரணம் உண்டா, அடுத்த பட்டத்துக்கு விதைநெல்லாவது கிடைக்குமா என்று கேட்டார்கள். அவர், "உங்க பக்கம் வெளச்சல் நல்லா இருக்குதுன்னு மேல ரிப்போர்ட் வந்திருக்குதுபா. ஒண்ணும் கிடையாது" என்று சொல்லிவிட்டார்.

"எவன் சொன்னான்?" என்று கூட்டத்தில் ஒருத்தன் கேட்டான்.

"சேட்டிலைட்டு. வானத்துல இருந்து பாத்தாச்சு."

"வானத்துல இருந்து பாத்தவனுக்குப் பதரு தெரியுமா சார்? எறங்கி வந்து ஒரு கதிர ஊதிப் பாக்கச் சொல்லு."

எல்லாரும் சிரித்தார்கள். ஆபீசருக்குக் கோபம் வந்துவிட்டது. "வானத்துல இருந்து மட்டும் இல்ல. கீழயும் உங்க ஊரு ஆளே அறுத்து எடை போட்டு எழுதிக் குடுத்து, சரிபார்த்த ரிப்போர்ட்டு இது" என்றார்.

சிரிப்பு நின்றுவிட்டது. எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஊரில் அறுத்து எடை போட்டு எழுதுகிற ஆள் வேறு யார்?

செல்லக்கண்ணு தன் மச்சானுக்கு நல்ல பேர் வாங்கிக் கொடுக்க எடையை ஏற்றி எழுதிவிட்டான், ஊர் வாயில் மண்ணைப் போட்டுவிட்டான் என்று பேசுகிறார்கள். செத்தவனைப் பேசுகிறார்கள். பாம்பு சும்மாவா கடித்தது என்றுகூட ஒருத்தி சொன்னாள்.

எனக்கு நீ வேறு ஒன்றும் செய்ய வேண்டாம். செல்லக்கண்ணு இரண்டேகால் என்றுதான் எழுதினார் என்று உன் ஆபீஸ் முத்திரை போட்டு ஒரு தாள் அனுப்பு. அதை ஊர் நடுவில் படிக்க வேண்டும். அது போதும்.

செங்கமலம்

❖

ஐதராபாத்
29-3-1986

அன்புள்ள அக்கா,

நீ கேட்பது என் கையில் இல்லை. தரை எடைகள் எல்லாம் அலுவலக ஆவணம். வெளியாருக்குத் தர விதி இடம் கொடுக்காது. தவிர, எங்கள் அறிக்கை ஒரு ஊருக்கானது அல்ல. மாவட்ட அளவில்தான் அது பேசும். ஒரு ஊருக்கு நிவாரணம் இல்லை என்று சொல்ல அதைப் பயன்படுத்தியது அங்குள்ளவர்களின் தவறு. இதை நீ ஊராரிடம் எடுத்துச் சொல்லலாம்.

ஊர்வாய் நாலு நாள் பேசும், ஓய்ந்துவிடும். நீ தனியாக அங்கே இருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். இங்கே வந்துவிடு. குவார்ட்டர்ஸில் இரண்டு அறை இருக்கிறது. அடுத்த மாதம் நானே வந்து அழைத்துப் போகிறேன்.

ஆதிமூலம்

❖

கிருமாம்பாக்கம்
7-4-1986

ஆதிமூலத்துக்கு.

வராதே. அழைத்துப் போக நான் ஆட்டுக்குட்டி இல்லை.

மாவட்டம், விதி என்று எழுதுகிறாய். நான் அதையா கேட்டேன்? ஊர்வாய் ஓய்ந்துவிடும் என்கிறாய். நேற்று அடிபம்பில் நான் குடத்தை வைத்தேன். வேலம்மாள் எனக்கு முன்னால் இருந்தாள். வேலம்மாளை உனக்குத் தெரியும், என்னோடு இருபது வருஷம் ஒரே வரிசையில் நின்று நாற்று நட்டவள். என் குடத்தைக் காலால் தள்ளிவிட்டு, "வெளச்சல்தான் அமோகமா இருக்குதே, உனக்கு இன்னாடி கொறச்சல்? உன் தம்பி மேல இருந்து தண்ணி ஊத்துவான், அண்ணாந்து பாத்துகினு நில்லு" என்றாள். நாலு பேர் சிரித்தார்கள். வேலம்மாள் சிரிக்கவில்லை. அவள் வீட்டில் இரண்டு வேளை கஞ்சி, அவ்வளவுதான். அவளை நான் எப்படித் திட்டுவேன்?

ஹாஜா மைதீனிடம் போய் நின்றேன். "பாய், உங்க தராசுலதான எடை போட்டாரு? நாலு பேருகிட்ட சொல்லுங்களேன்" என்றேன். நல்ல மனிதர், பொய் சொல்ல மாட்டார். "எடை போட்டது என் தராசுமா. ரெண்டேகால்தான். அத யாரு கேட்டாலும் சொல்றேன். ஆனா கார்டுல அவரு இன்னா எழுதுனாரோ, நான் பாக்கலியே. பாக்காதத எப்படிச் சொல்வேன்?" என்றார்.

நான் பார்த்தேன். பெண்டாட்டி சொன்னால் யார் கேட்பார்கள்?

ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். சுற்றி வளைக்காமல் சொல். கீழேயும் சரிபார்த்தோம் என்று ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறீர்களே, அதில் அவர் எழுதிய இரண்டேகால் இருக்கிறதா, இல்லையா?

செங்கமலம்

❖

ஐதராபாத்
2-5-1986

அக்கா,

இந்தக் கடிதத்தை நாலு தரம் எழுதிக் கிழித்தேன்.

இல்லை. மாமாவின் எடை அறிக்கையில் இல்லை. நான் அதை எடுத்துவிட்டேன்.

நம் பக்கம் முழுவதற்கும் பதினோரு இடங்களில் எடை வந்தது. மற்ற ஊர்களில் வெள்ளம் அவ்வளவு நிற்கவில்லை. அவை படத்தோடு ஓரளவு பொருந்தின. மாமாவுடையது மட்டும் தனியாக நின்றது. அதைச் சேர்த்தால் முழுக் கணக்கும் ஆட்டம் காணும். இந்த முறையால் விளைச்சலை முன்கூட்டிச் சொல்ல முடியும் என்று மேலிடத்துக்குக் காட்ட எங்களுக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு அது. பத்து எடையை வைத்துக்கொண்டு ஒன்றை அடித்தேன். மறுபடி அறுக்கச் சொல்லி மாமாவுக்கு எழுதியது உண்மை. ஆனால் அந்தப் பதிலுக்கு நான் காத்திருக்கவில்லை. அவர் கடைமடைக்குப் போவதற்கு முந்தின நாளே அறிக்கையைத் தட்டச்சுக்குக் கொடுத்துவிட்டேன்.

ஏன் நம்பவில்லை என்று நீ முதல் கடிதத்திலேயே கேட்டாய். நடைமுறை என்று எழுதினேன். அது முழுப் பதில் அல்ல.

நான் ஹாஸ்டலில் சேர்ந்தபோது ஒரு பாரம் நிரப்ப வேண்டியிருந்தது. பாதுகாவலருக்கு நிலம் உண்டா என்று அதில் ஒரு கேள்வி. நிலம் இருந்தால் இலவச இடம் கிடையாது. மாமாவுக்கு அப்போது அரைக் காணி இருந்தது. அவர் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் பக்கத்தில் நின்றேன். "புள்ள படிக்கட்டும், ஒரு பொய்தான" என்று சிரித்தார்.

இரண்டேகால் என்ற கார்டு வந்ததும் எனக்கு அந்தச் சிரிப்புத்தான் நினைவுக்கு வந்தது. எனக்காக ஒரு பொய் எழுதியவர், வெள்ளத்தில் அடிபட்ட ஊருக்காக இன்னொன்று எழுதமாட்டாரா, நிவாரணம் வரட்டும் என்று எடையைக் குறைத்துப் போட்டிருப்பார் என்று முடிவு செய்தேன். இரக்கத்தால் பொய் சொல்லக்கூடியவர் என்றுதான் நினைத்தேன். கெட்டவர் என்று நினைக்கவில்லை அக்கா.

ஆதிமூலம்

❖

கிருமாம்பாக்கம்
14-5-1986

ஆதிமூலத்துக்கு.

ஊர், ஏற்றி எழுதினான் என்கிறது. நீ, குறைத்து எழுதினான் என்று நினைத்தாய். அந்த மனிதன் தராசு காட்டியதை எழுதினான் என்று நினைக்க உலகத்தில் ஒருத்தரும் இல்லை.

அதுவும் போதாது. உனக்குத் தேவையே இல்லாத எடைக்காக அவர் அந்தக் கோரைக்குள் போனார். நீ முந்தின நாளே முடித்துவிட்டாய்.

அந்தப் பாரத்தைப் பற்றி எழுதியிருக்கிறாய். அவர் சிரித்ததுதான் உனக்குத் தெரியும். மிச்சத்தை நான் சொல்கிறேன். சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். சத்தியம் வாங்கியவர் இப்போது இல்லை.

உன்னை ஹாஸ்டலில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தவர் சாப்பிட உட்கார்ந்து தட்டைத் தள்ளிவிட்டார். மூன்று நாள் அப்படியே இருந்தார். "இல்லன்னு எழுதிட்டு வந்து இருக்கறத உழுதுகினு இருக்க முடியல" என்றார். அந்த மாதமே அரைக் காணியையும் அவர் அண்ணன் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அண்ணன் ஒன்றும் பதிலுக்குக் கொடுக்கவில்லை, இவரும் கேட்கவில்லை. நான் அன்றைக்குப் போட்ட சண்டை ஊருக்கே கேட்டது. பைத்தியக்காரா, கையாலாகாதவனே என்றெல்லாம் திட்டினேன். "இப்ப அந்தப் பாரம் நெசமாயிடுச்சு, வுடு" என்றார். அதற்குப் பிறகு செத்த நாள் வரைக்கும் அடுத்தவன் நிலத்தில்தான் உழுதார்.

அவர் எழுதிய ஒரே பொய்யையும் அவரால் பொய்யாக வைத்துக்கொள்ள முடியவில்லை. அவரைத்தான் நீ அடித்தாய், பேனாவால்.

தாள் எனக்கு வேண்டும். விதி இடம் கொடுக்காது என்று இன்னொரு தரம் எழுதாதே.

செங்கமலம்

❖

ஐதராபாத்
21-6-1986

அக்கா,

உன் கடிதத்துக்குப் பிறகு எனக்கு எழுத வரவில்லை. மன்னிப்புக் கேட்கும் தகுதி எனக்கு இல்லை. கேட்கவும் இல்லை.

மேலதிகாரியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். நீ அறுத்த ஒன்றே முக்காலையும் சொன்னேன். இரண்டு எடையும் உண்மை, படத்தில் தெரிந்தது இலை மட்டும்தான், கதிருக்குள் இருந்தது தெரியவில்லை, நம் முறை அந்த இடத்தில் தோற்றுவிட்டது என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அறிக்கை போய்விட்டது, இனித் திருத்த முடியாது, அடுத்த ஆண்டு கவனிக்கலாம் என்றார். ஆவணத்தின் நகல் கேட்டேன். மறுத்தார். நானே எடுத்தேன். இரண்டு நாளில் தெரிந்துவிட்டது. விளக்கம் கேட்டு மெமோ கொடுத்திருக்கிறார்கள். என்ன ஆகுமோ தெரியாது. அதைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம்.

இத்துடன் அந்தப் பக்கம் இருக்கிறது. ஏழாவது வரி மாமாவுடையது. ஊர், பெயர், தேதி, எடை இரண்டேகால். அலுவலக முத்திரை மேலேயே இருக்கிறது. மாமாவின் கார்டும் அதன் கீழேயே ஒட்டியிருந்தது. அவருடைய எழுத்து நகலில் தெளிவாகவே வந்திருக்கிறது.

அந்த வரியின் மேல் ஒரு கோடு இருக்கும். பக்கத்தில் இங்கிலீஷில் ஒரு குறிப்பு இருக்கும். கோடும் குறிப்பும் என்னுடையவை. கீழே கையெழுத்து இல்லை. நகல் எடுக்கும்போது ஒரு காகிதத் துண்டை வைத்து அதை மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. படித்துக் காட்டுவதா, அந்த ஓரத்தைக் கிழித்துவிட்டுக் காட்டுவதா, எழுதியவன் யார் என்று சொல்வதா, எல்லாம் உன் விருப்பம். எப்படியும் இனி அந்த ஊருக்குள் வர எனக்கு முகம் இல்லை.

ஆதிமூலம்

❖

கிருமாம்பாக்கம்
6-7-1986

ஆதிமூலத்துக்கு.

தாள் வந்தது. ஏழாவது வரியில் இருந்த இங்கிலீஷ் எனக்குத் தெரியாது. கீழே அவர் எழுத்து தெரிந்தது. 'பதர்' என்கிற வார்த்தைக்கு இடம் போதாமல் மேலே வளைத்து எழுதியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஹாஜா மைதீன் கடை வாசலில் ஊரைக் கூட்டினேன். கூட்டினேன் என்றால், நான் போய் நின்றேன், அவர்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். பிரெஞ்சுக்காரன் பட்டாளத்துப் பென்ஷன் வாங்குகிற இன்னாசிமுத்து முன்னால் வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை வாங்கினார். மேலும் கீழும் பார்த்தார்.

"இது இங்கிலீஷுமா. நமக்கு பிரான்சேதான்."

"அப்ப எதுக்குக் கண்ணாடிய மாட்டுன?" என்று யாரோ கேட்டார்கள்.

"முத்திரை நெசமான்னு பாத்தேன்டா. நெசந்தான்."

காலேஜில் படிக்கிற ஹாஜா மைதீன் மகள் பரிதா வந்து வாங்கினாள். முதலில் கார்டைத்தான் படித்தாள், தமிழாக இருந்ததால். வெள்ளம், உரம், பூச்சி, பதர் என்று அவர் எழுதியதை எல்லாம் படித்தாள். இரண்டேகால் கிலோ என்றதும் ஹாஜா மைதீன் எழுந்து நின்று, "என் தராசு எடை அதான். இப்ப கண்ணால பாத்தாச்சு, இப்ப சொல்றேன்" என்றார்.

பிறகு பரிதா அந்த ஓரத்துக்கு வந்தாள். வந்ததும் நிறுத்திவிட்டாள். என்னைப் பார்த்தாள்.

"அத்த, இது வேணாமே."

"படிம்மா. தமிழ்லயே சொல்லு."

"உள்ளூர் ஆள். நிவாரணத்துக்காகக் குறைத்து எழுதியிருப்பார். நம்ப முடியாது. சேர்க்க வேண்டாம்" என்று சொன்னாள்.

இன்னாசிமுத்துதான் முதலில் வாயைத் திறந்தார். "எந்த நாயிடா எழுதினது இது?" என்றார். எல்லாரும் கேட்டார்கள். யாரு, யாரு என்று கேட்டார்கள். உன் கடிதம் என் இடுப்பில்தான் இருந்தது.

"யாரோ ஆபீசரு. வடக்கத்தி ஆளாம்" என்றேன்.

"அதான பாத்தேன். நம்ம ஆதிமூலம் கண்ணுல பட்டிருந்தா வுட்டிருப்பானா? மாமன் எழுத்து அவனுக்குத் தெரியாதா?" என்றார் ஹாஜா மைதீன். "இந்தத் தாள எடுத்து அனுப்புனானே, அந்தப் புள்ளைக்கு இன்னா தைரியம் பாரு" என்றார் இன்னொருவர். எல்லாரும் உன்னை மெச்சினார்கள். நான் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன். இந்த ஐந்து மாதத்தில் எனக்கு அதைவிடக் கஷ்டமான நேரம் இல்லை, அந்தக் கயிறு தொய்ந்ததைத் தவிர.

உன்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்று நினைத்துக்கொள்ளாதே. உன் பேரைச் சொல்லியிருந்தால், மச்சானே மாமனைக் கொன்ற கதை என்று வருஷக்கணக்கில் அந்தக் கடைவாசலில் டீயோடு சேர்த்துக் குடிப்பார்கள். அவர் பேர் அதில் இழுபட வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவர் இரண்டேகால் என்று எழுதினார் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. அதோடு நிற்கட்டும்.

நிவாரணம் வரவில்லை. வராது. தாளைக் காட்டி மனு எழுதலாம் என்று பரிதா சொல்கிறாள், எழுதட்டும். சாயங்காலம் வேலம்மாள் வீட்டுக்கு வந்தாள். என் குடத்தை எடுத்துக்கொண்டு போய்த் தண்ணீர் பிடித்துக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

ஊருக்குள் வர முகம் இல்லை என்று எழுதியிருந்தாய். முகம் இருக்கிறது, தாராளமாக வரலாம். உன்னை யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். ஹாஜா மைதீன் கூப்பிட்டு உட்காரவைத்து டீ போட்டுக் கொடுப்பார்.

என் வீட்டுக்கு மட்டும் வராதே.

செங்கமலம்